மூன்றரைக் கம்பி

கதிர்காமநாதனுக்கு ஏலாது என்று சொல்ல வராது. அவரோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய மனைவி உஷாந்தி இதைச் சொல்லிச் சொல்லியே வாய் நொந்தவள். பக்கத்து வீட்டார் பழுதான மிக்சியை நீட்டினால் வாங்கிவிடுவார். கோயில்காரர் திருவிழாவுக்கு லைட் போடக் கூப்பிட்டால் காய்ச்சலோடு ஏணியில் ஏறுவார். முகதாட்சணியம் என்று இதற்கு நம் ஆட்கள் அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல குணம்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை முடிவுவரை கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள். சட்டைப் பையில் பேனை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் மின்சாரம் படித்தவர். இரண்டாம் வருடத்தோடு யுத்தம் படிப்பைத் தின்றுவிட்டது. சான்றிதழ் இல்லாத எலெக்ட்ரீஷியனுக்குக் கொழும்பில் மரியாதை இல்லையே தவிர, வேலைக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்குக் கிட்ட ஒரு தொடர்மாடி. ஆறு மாடி, மாடிக்கு மூன்று வீடு, ஆகமொத்தம் பதினெட்டு வீடு. அதன் மின்சாரம், லிஃப்ட், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் பதினான்கு வருடமாக அவர் பொறுப்பு. காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வீடு. கடல் காற்று பித்தளை ஸ்குரூவையும் விட்டுவைக்காத இடம் அது. ஆகவே வேலை தீராது.

அந்த வேலையை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் நாலாம் மாடி ஸவாஹிர் நானா. புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்த மனிதர். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதம், லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குத் தமிழ் ஆட்களைப் பொலிஸார் விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களே, அந்த நாளில் கதிர்காமநாதன் ஒரு லொட்ஜின் வாசலில் பையோடு நின்றார். உஷாந்தியும் கைக்குழந்தையும் அவள் தமக்கை வீட்டில் இருந்தார்கள். அவர் மட்டும் வேலைக்காக லொட்ஜில். ஒரு கிழமைக்கு முன்னர் ஸவாஹிருடைய கடையில் ஒரு ஃபேன் பூட்டிக் கொடுத்த பழக்கம் மட்டும்தான். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஸவாஹிர் வந்தார். பொலிஸ்காரரோடு சிங்களத்தில் நாற்பது நிமிடம் நின்று கதைத்தார். இவன் என்னுடைய ஆள், இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டார். பஸ் போய்விட்டது, கதிர்காமநாதன் போகவில்லை. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததே கிடையாது. தேவையும் இல்லை.

ஸவாஹிருக்கு நெஞ்சு பழுது. நாற்பது வருடப் புடவைத் தூசியும் இருபது வருட சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைச் சல்லடையாக்கிவிட்டன. கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். கட்டில் தலைமாட்டில் ஒரு ஒட்சிசன் மெஷின். அறைக் காற்றை இழுத்து, வடித்து, ஒட்சிசனை ஒரு மெல்லிய குழாயால் மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். கரண்ட் இல்லாவிட்டால் ஒரு சின்ன சிலிண்டர். அவர் மூச்சு அந்த மெஷினின் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல.

உடம்பு நல்லாயிருந்த காலத்தில் அவர் ஒரு நாள் கீழே, கட்டடத்துக்குக் கரண்ட் வந்து பிரியும் மெயின் போட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்: ஒரே கரண்டை ஏன் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் கொண்டு வருகிறார்கள்? வீட்டுக்கு ஒன்றுதானே வருகிறது?

கதிர்காமநாதனுக்கு வேறு எதைக் கேட்டாலும் அரை வாக்கியம்தான் வரும். இதைக் கேட்டால் ஆளே மாறிவிடுவார். ஒரு பெண் உரலில் தனியாக இடித்தால், உலக்கை மேலே போகிற நேரம் உரல் சும்மா இருக்கிறது என்றார். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக இடித்தால் உரலுக்கு ஓய்வே இல்லை; இடி ஒரே சீராக விழும். மின்சாரமும் முன்னும் பின்னும் போய் வருகிற சாமான்; ஒற்றைக் கம்பியில் வந்தால் இடையிடையே ஒன்றுமில்லாமல் போய்விடும். மூன்று கம்பியில் முறை வைத்து வந்தால் மொத்தத்தில் ஒரு கணமும் குறைவதில்லை. பெரிய மோட்டர் குலுங்காமல் சுற்றுவதும், இந்த லிஃப்ட் வெட்டி இழுக்காமல் ஏறுவதும் அதனால்தான்.

அதற்கு மேல்தான் அவர் உருகிப் போகும் இடம். போன கரண்ட் திரும்பி வரவேண்டும். மூன்றைத் தனித்தனியாக அனுப்பினால் போக மூன்று, வர மூன்று, ஆறு கம்பி வேண்டும். ஆனால் முறை வைத்து அனுப்பினால், ஒன்று போகும்போது மற்ற இரண்டும் திரும்புகின்றன. எந்தக் கணத்தில் கூட்டிப் பார்த்தாலும் பூச்சியம். மூன்றும் ஒன்றுக்கொன்று திரும்பும் வழியாகிவிடுகின்றன. மலையிலிருந்து கொழும்புவரை கோபுரங்களில் மூன்று மூன்று கம்பியாகவே வந்துவிடும். திரும்பிப் போக ஒரு தனிக் கம்பி கிடையாது. அத்தனை மைல் கம்பியும் மிச்சம்.

ஸவாஹிருக்கு அந்த இடத்தில் முகம் மலர்ந்தது. யாவாரி அல்லவா, மிச்சம் என்றால் விளங்கும். அப்போ இது என்ன நாலாவது என்று, போட்டுக்கு வரும் தடித்த கேபிளின் கறுப்புக் கம்பியைக் காட்டிக் கேட்டார். அது நியூட்ரல், திரும்பும் கம்பி என்றார் கதிர்காமநாதன். வீடுகள் எல்லாம் ஒரேயளவு எரிப்பதில்லை. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அந்த மிச்சசொச்சத்தை மட்டும் அது சுமக்கும். அதனால் மற்றக் கம்பி ஒன்றின் பாதித் தடிப்புத்தான் அதற்கு. கடையில் போய் மூன்றரை கோர் கேபிள் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். ஆறு வீடு சிவப்பில், ஆறு மஞ்சளில், ஆறு நீலத்தில் என்று கட்டியவர்கள் பிரித்து வைத்தது அந்த அரைக் கம்பியை நம்பித்தான்.

"அப்ப எங்கட வீடு நீலம். நீலம் நல்லமா, சிவப்பு நல்லமா?" என்று கேட்டார் ஸவாஹிர்.

"மூண்டும் ஒண்டுதான், நானா. ஒண்டை விட மற்றது திறம் எண்டு இல்லை."

பதினெட்டு வீட்டில் இதை நம்பியது ஸவாஹிர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. அந்த வருடத்தைப் பற்றி இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று கரண்டும் இல்லை. கேஸ் இல்லாத குசினிகளுக்குள் மின்சார அடுப்பு வந்தது. வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. கரண்ட் வந்த நேரத்துக்குள் சோறும் கறியும் ஆக்கி, தண்ணீர் சூடாக்கி, உடுப்பு தோய்த்து, ஏசியும் போட்டுவிடவேண்டும் என்று எல்லா வீடும் ஒரே நேரத்தில் பாய்ந்தது.

மார்ச் கடைசியில் தெரு டிரான்ஸ்போமரில் மஞ்சள் லைனின் ஃபியூஸ் போனது. மாற்ற வரும் வாகனத்துக்கு டீசல் இல்லை. மஞ்சள் லைனில் இருந்த ஆறு வீடும் இரண்டு நாள் இருட்டு. பிரிட்ஜில் இருந்த அறக்குளா மீன் எல்லாம் நாறிப்போனது. பக்கத்துக் கதவில் சிவப்பு லைன்காரர் ஃபேன் போட்டுப் படுத்திருந்தார்கள். ஏப்ரலில் நீல லைன் ஒரு நாள் போனது. அன்று கதிர்காமநாதன் கீழே சிவப்பு லைனில் இருந்த பொது விளக்குக் கம்பியிலிருந்து நாலாம் மாடிவரை வயர் இழுத்து ஸவாஹிரின் மெஷினை ஓடவிட்டார். சிவப்பு மட்டும் போகவில்லை. தற்செயல்தான். ஆனால் தற்செயல் என்ற சொல் நம் ஆட்களின் அகராதியில் எங்கே இருக்கிறது? சிவப்பு ராசியான லைன் என்று தொடர்மாடி முழுக்கக் கதை பரவியது.

முதலில் கேட்டவர் மூன்றாம் மாடி கனகசபாபதி. வங்கி மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், தொடர்மாடிச் சங்கத்தின் தலைவர். தன்னுடைய வீட்டை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றச் சொன்னார். கதிர்காமநாதன் உரல், உலக்கை எல்லாம் சொல்லிப் பார்த்தார். கனகசபாபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது சரி, எப்ப மாத்துறீர் என்றார். அதோடு நிற்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்து வியாழக்கிழமை பத்தேகாலுக்கு மேல் நல்ல நேரம் என்றும் சொன்னார். கம்பி மாற்றுவதற்கு நல்ல நேரம் பார்த்த முதல் மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருக்கவேண்டும். வியாழக்கிழமை பத்து இருபதுக்கு, சாமியறையில் விளக்கேற்றிவிட்டு அவர் மனைவி மேலிருந்து போனில் சரி என்று சொல்ல, கதிர்காமநாதன் கீழே ஒரு ஸ்குரூவைக் கழற்றி அடுத்த இடத்தில் பூட்டினார். கட்டடத்துக்கு ஒரு பெரிய மீட்டர், வீடுகளுக்கு உள் மீட்டர் என்பதால் வெளியாள் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஐந்து நிமிட வேலை.

தலைவர் வீட்டுக்குச் செய்ததை மற்ற வீட்டுக்கு எப்படி மறுப்பது? ஐந்தாம் மாடி மயூரி தன் சின்னப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். வீட்டிலிருந்து கம்பியூட்டர் வேலை செய்யும் கிஷாந்த், வேலை போய்விடும் அண்ணை என்றான். ஒருவர் தன் மகனைக் கனடாவிலிருந்து போன் எடுத்துக் கதைக்கவே வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது; எல்லா நியாயமும் உண்மையான நியாயம்தான். மே மாதக் கடைசியில் சிவப்பில் பன்னிரண்டு வீடு, மஞ்சளில் நாலு, நீலத்தில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது, உரிமைக்காரர் லண்டனில். மற்றது ஸவாஹிர் வீடு.

ஒரு நாள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தபோது, உங்கட வீட்டையும் மாத்தி விடட்டோ நானா என்று கதிர்காமநாதன் கேட்டார். கேட்டதற்கு அன்பு ஒரு காரணம், குற்ற உணர்வு ஒரு காரணம். குழாய் மூக்கில் இருந்தபடியே ஸவாஹிர் சிரித்து, கையை ஆட்டினார். "நீதானே சென்ன, மூண்டும் ஒண்டெண்டு." கதிர்காமநாதனுக்கு அந்த நம்பிக்கை இனித்தது. ஊரே ஒரு பக்கம் ஓட, தன் சொல்லை நம்பி ஒரு மனிதர் இருக்கிறாரே என்று வீட்டுக்குப் போய் உஷாந்தியிடமும் சொன்னார்.

ஜூன் மாதம் முதல் கிழமை கேபிள் வந்து பூட்டும் இடத்தில் லேசாக ஒரு வாடை அடித்தது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரை மாட்டிப் பார்த்தார். நியூட்ரலில் போகிற கரண்ட் அந்த அரைக் கம்பி தாங்குமளவுக்கு மேலே இருந்தது. சிவப்பில் போனதைத் திருப்பிக் கொடுக்க நீலத்திலும் மஞ்சளிலும் ஆளில்லை. அத்தனையும் அரைக் கம்பியின் தலையில். அது பூட்டிய இடத்தில் கறுப்பு உறை பழுப்பாகியிருந்தது. சிவப்புக்கு ஃபியூஸ் உண்டு, கூடினால் தானே விழும். நியூட்ரலுக்கு எங்கேயும் ஃபியூஸ் வைப்பதில்லை.

அது அறுந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். திரும்பும் வழி இல்லாமல் போனால் ஒரு லைன் வீடுகள் மற்ற லைன் வீடுகளுக்கூடாகத்தான் திரும்பவேண்டும். பாரம் கூடிய பக்கம் வோல்ட்டேஜ் விழும், பல்ப் மங்கும், அவ்வளவுதான். பாரம் குறைந்த பக்கம் ஏறும். இருநூற்று முப்பது வரவேண்டிய வீட்டில் முந்நூற்று எண்பது வரும். அந்தக் குறைந்த பக்கத்தில் இருப்பது ஸவாஹிர் வீடு.

நேரே கனகசபாபதியிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டையும் பழையபடி ஆறு ஆறாக மாற்றப் போகிறேன், அறிவித்தல் ஒன்று போடுங்கள் என்றார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு உறுதியாகக் கதைத்ததில்லை. கனகசபாபதி தேத்தண்ணி கொடுத்தார். அடுத்த கிழமை பெரியபிள்ளையான பேத்திக்குச் சாமத்தியவீடு, லண்டனிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், இந்த நேரம் லைனை மாற்றி எங்கேயாவது கரண்ட் போனால் முகத்தை எங்கே வைப்பது என்றார்.

"ஒரு கிழமை தாங்காதோ, கதிர்காமநாதன்?"

அந்த இடத்தில் அவர் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். தேத்தண்ணி கையில் இருந்தது, எதிரில் மனிதரின் மனைவி பலகாரத் தட்டோடு நின்றாள். "தாங்கும்," என்றார் கதிர்காமநாதன்.

மூன்று நாள் தாங்கியது.

வியாழக்கிழமை. காலை பத்துக்குப் போன கரண்ட் ஒன்றேகாலுக்கு வந்தது. கதிர்காமநாதன் மெயின் போட்டுக்கு முன்னால் ஸ்டூலில் இருந்து உஷாந்தி கட்டிக் கொடுத்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போட்டில் மூன்று சின்ன லைட் எரிந்தன, சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று மணித்தியாலம் காத்திருந்த பன்னிரண்டு வீடும் ஒரே நேரத்தில் ஏசியையும் அடுப்பையும் போட்டன. கேபிள் முனகுவது அவருக்குக் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும். சடக் என்று ஒரு சத்தம், பிறகு புகை. சிவப்பு லைட் மங்கி விழ, நீல லைட் வெள்ளையாக வெடித்து எரிந்து அணைந்தது. எச்சில் கையோடு பாய்ந்து மெயின் சுவிச்சை இழுத்தார். எல்லாம் பத்து விநாடிக்குள். ஆனால் கரண்டுக்குப் பத்து விநாடி என்பது பத்து வருடம்.

லிஃப்ட் நின்றுவிட்டது. நாலு மாடியையும் படியால் ஓடினார். கதவைத் திறந்த ஸவாஹிரின் மனைவி றலியா அறையைக் காட்டினாள். மெஷினிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மின்வெட்டு நேரம் முழுக்க சிலிண்டரில்தான் இருந்திருக்கிறார். அது முடிகிற நேரம் கரண்ட் வந்தது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி மெஷினைப் போட்டிருக்கிறாள். காலையில் வரவேண்டிய புதுச் சிலிண்டர் வரவில்லை, கொண்டுவருகிற வாகனம் பெற்றோல் வரிசையில். ஸவாஹிர் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. கதிர்காமநாதனைக் கண்டதும், பயப்படாதே என்பதுபோல் ஒரு கையை மட்டும் தூக்கினார். காற்றில்லாமல் கிடந்த மனிதர் மற்றவனுக்குத் தைரியம் சொன்னார்.

கதிரையில் வைத்துக் கட்டி, கிஷாந்தும் இன்னும் மூன்று பேரும் கதிர்காமநாதனும் சேர்ந்து இறக்கினார்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள், எல்லோரும் சிவப்பு லைன். கிஷாந்த் தன் காரில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பெற்றோலை யோசிக்காமல் எரித்தான். காலி வீதி என்ற பெருந்தெருவில் பெற்றோல் வரிசை பாதி ரோட்டைப் பிடித்திருந்தது. பின் சீற்றில் கதிர்காமநாதன் அவரை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை அந்த நெஞ்சு ஏறி இறங்குவது தன் நெஞ்சில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த நேரம் இரண்டு பத்து. கதிர்காமநாதனைக் கேட்டால் அதற்கு முன்னமே என்பார்.

அன்று பின்னேரமே அடக்கினார்கள். தெருவிலிருந்து கூடிய கரண்ட் வந்துவிட்டதாம் என்று தொடர்மாடியில் ஒரு கதை உருவாகி, சுடச்சுட எல்லோர் வாயிலும் ஏறியது. யார் தொடக்கியது என்று தெரியாது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. கனகசபாபதி சாமத்தியவீட்டைத் தள்ளிப் போட்டார், அதையும் சொல்லவேண்டும். ஆனால் கதிர்காமநாதனைக் கண்டபோது பார்வையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் காலை கதிர்காமநாதன் யாரையும் கேட்காமல் போட்டைத் திறந்து, ஆறு, ஆறு, ஆறு என்று பழையபடி பூட்டினார். மயூரி மட்டும் இறங்கி வந்து, எங்கட வீட்டை மட்டும் சிவப்பில விடேலாதோ அண்ணை, பிள்ளை இருக்கு என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் அரைக் கம்பி எரிந்ததுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று உஷாந்தி முதலில் ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் கிழமை, அவர் நடந்ததை முழுக்கச் சொன்ன பிறகு, ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டாள். போய் அந்த மனிசியிட்டச் சொல்லுங்கோ என்றாள். சொல்லாவிட்டால் நீங்களும் மிஞ்சமாட்டீர்கள்.

போனார். றலியா இத்தாவில் இருந்தாள். கணவன் போய் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். முன்னறையில் மகள் நஸ்லா கதிரை போட்டுக் கொடுத்து ஒதுங்கி நின்றாள். உள்ளறை வாசலில் ஒரு திரை. முகத்தைப் பார்த்தால் சொல் வராத மனிதருக்கு, பார்க்க முகம் இல்லாதது அன்று உதவியாக இருந்தது. திரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். நல்ல நேரம் பார்த்து மாற்றிய முதல் வீட்டிலிருந்து, தாங்கும் என்று தான் சொன்ன சொல்வரை. தெருக் கரண்ட் இல்லை ராத்தா, நான்தான் என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து றலியா கதைத்தாள். அழுகை இல்லாத, களைத்த குரல்.

"நீங்க எல்லார்ட லைனையும் மாத்துறது எங்களுக்குத் தெரியும் தம்பி. எங்கடதையும் மாத்தச் செல்லுங்க எண்டு நானும் அவரோட சண்டை புடிச்சன். அவர் கேக்க இல்ல. 'கதிருக்கு ஆருக்கும் ஏலாதெண்டு செல்லத் தெரியா. எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க. நானும் போனா அவன் என்ன செய்வான்? நான் ஒருத்தன் சரி இந்தப் பக்கம் ஈந்தா அவனுக்கு ஒரு தாங்கலா ஈக்கும்' எண்டு சென்னார்."

கதிர்காமநாதன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் சொல்லை நம்பி நீலத்தில் இருந்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அந்த மனிதர் தெரிந்துகொண்டு, தன்னைத் தாங்குவதற்காக இருந்திருக்கிறார்.

"அவர் இங்கால ஈந்தது உங்களுக்கு உதவினதா தம்பி?" என்று திரை கேட்டது.

ஒரு ஃபேன், இரண்டு பல்ப், ஒரு மெஷின். பன்னிரண்டு வீட்டுக்கு எதிரே அது எந்த மூலைக்கு? அது இருந்ததால் அரைக் கம்பிக்கு ஒரு பாரமும் குறையவில்லை. நீலப் பக்கம் இருந்ததால் அந்த மனிதர் செத்தார். கொழும்பில் இதைக் கதிர்காமநாதனைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"ஓம் ராத்தா," என்றார். "பெரிய உதவி."

அல்ஹம்துலில்லாஹ் என்று திரைக்குப் பின்னால் மெல்லக் கேட்டது. கதிர்காமநாதன் எழுந்து, நஸ்லாவிடம் தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். லிஃப்ட் வேலை செய்தது. அவர் படியால் இறங்கினார். நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் இருந்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார்.